குறுஞ்செய்தியில் ஒரு நூலக மேசை

(பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்களுக்காகக் கோவையில் நடந்த பயிற்சியில், அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவருக்கு ஒரு வசதி உண்டு. பாதிப் பேர் கண் அயர்ந்திருப்பதால் தப்பாகச் சொன்னாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் நான் இன்று பேசப்போவதே நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான். அதனால் கொஞ்சம் விழித்திருங்கள்.

கையில் இரண்டு பொருள்கள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று பட்டன் போன். மற்றொன்று இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு. எங்கள் பள்ளி நூலகத்தின் குறுஞ்செய்திச் சேவை என்பது இவ்வளவுதான். இதற்குச் செயலி கிடையாது, கணினி கிடையாது. பிள்ளைகளுக்கு எழும் சந்தேகத்தை அம்மாவின் போனிலிருந்து எங்களுக்கு அனுப்பலாம். பதில் போகும், அந்தப் பதில் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்து போகும்.

எங்கள் பள்ளி ஈரோடு மாவட்டத்தில் காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் பெற்றோர் தோட்ட வேலைக்கும், தறிக்கும், மஞ்சள் மண்டிக்கும் போகிறவர்கள். சிலர் லாரி ஓட்டுகிறவர்கள். 2020 ஊரடங்கில் நாம் எல்லோரும் வாட்ஸ்அப் குழு தொடங்கினோம், நினைவிருக்கும். குழுவில் இருக்கும் பிள்ளைகளின் பெயரைச் சரிபார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஸ்மார்ட்போன் இருக்கும் வீடுகளிலும் அது அப்பாவோடு ராத்திரி ஷிப்டுக்குப் போய்விடுகிறது, அல்லது லாரியில் ஆந்திராவுக்குப் போய்விடுகிறது. வீட்டில் தங்குவது அம்மாவிடமோ அம்மாயியிடமோ இருக்கும் பட்டன் போன். அதில் படம் வராது, பாடக் காணொலி ஓடாது. குறுஞ்செய்தி வரும்.

பள்ளி திறந்த பிறகு இது மறந்துபோயிருக்கும். நூலகப் பாடவேளைதான் மறக்கவிடவில்லை. வாரத்துக்கு ஒரு பாடவேளை. மணி அடித்ததும் பீரோவைத் திறக்கிறோம், பிள்ளைகள் கதைப் புத்தகம் எடுக்கிறார்கள், மணி அடித்ததும் பூட்டுகிறோம். அந்த நாற்பது நிமிடத்தில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாத பிள்ளைகள் இல்லை. அவர்களுக்குக் கேள்வி வருவது சாயங்காலம் ஏழு மணிக்கு, வீட்டில் நோட்டைத் திறக்கும்போது. அப்போது பீரோ பூட்டியிருக்கும், சாவி தலைமையாசிரியர் மேசை இழுப்பறையில் இருக்கும். காலையில் பள்ளிக்கு வரும்போது கேள்வி மறந்துவிட்டிருக்கும், அல்லது கேட்கக் கூச்சமாகிவிட்டிருக்கும்.

நூலகத் துறையில் இதை ரெஃபரன்ஸ் சேவை என்பார்கள். தமிழில் குறிப்புதவி என்று சொல்லலாம். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல், வாசகர் தேடும் செய்தியைக் கண்டடைய அவரோடு கூட இருந்து உதவுவது. இதைப் பற்றி நம் நாட்டில் ஆழமாகச் சிந்தித்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவரை நூலகத் தந்தை என்று படித்திருக்கிறோம். அவர் முதலில் கணக்கு வாத்தியார். அதிலும் நம் கோவை அரசுக் கல்லூரியில் கணக்கு நடத்தியவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது முதலில் அந்த வேலை பிடிக்காமல், பழையபடி வகுப்புக்கே போய்விடுகிறேன் என்று கேட்டவரும் அவர்தான். நூலகப் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று இங்கே யாராவது நினைத்தால், அவருக்கும் அப்படித்தான் தொடங்கியது என்று ஆறுதல் கொள்ளலாம்.

ரங்கநாதன் குறிப்புதவியை இரண்டாகப் பிரித்தார். உடனே எடுத்துச் சொல்லிவிடக் கூடியது ஒன்று. நாள்பட உடன் இருந்து தேட வேண்டியது மற்றொன்று. குறுஞ்செய்தி முதல் வகைக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டாவது வகைக்கு எப்படி உதவும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்ததில்லை. உலகத்தின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நூலகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் தென்கிழக்கு லூசியானா பல்கலைக்கழக நூலகம் 2005இல் மாணவர்களின் கேள்விகளைக் குறுஞ்செய்தியில் வாங்கிப் பதில் சொல்லத் தொடங்கியது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியமும் குறுஞ்செய்தியில் கேள்விகளை ஏற்றது. இங்கிலாந்தில் 2004இல் ஒரு தனியார் நிறுவனம் எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரு பவுண்டுக்குப் பதில் அனுப்பியது. ஸ்மார்ட்போன் வந்ததும் அங்கெல்லாம் இதன் தேவை குறைந்தது. ஸ்மார்ட்போன் ராத்திரி ஷிப்டுக்குப் போய்விடுகிற நம் ஊர் வீடுகளில் இன்னும் குறையவில்லை.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. உங்களில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2004இல் தொடங்கிய உழவர் அழைப்பு மையம், 1800-180-1551. அங்கே போன் செய்து 'தென்னையில் மட்டை காயுதுங்க' என்று சொன்னால் உடனே மருந்து சொல்ல மாட்டார்கள். மரத்துக்கு எத்தனை வயது, அடி மட்டையா நுனி மட்டையா, தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். நல்ல நூலகர் செய்வதும் அதேதான். அந்தத் திருப்பிக் கேட்கும் கேள்விதான் குறிப்புதவியின் உயிர். நேரில் அது இயல்பாக வரும். பிள்ளையின் முகத்தைப் பார்த்தே இன்னும் ஏதோ கேட்க நினைக்கிறது என்று தெரிந்துவிடும். குறுஞ்செய்தியில் முகம் இல்லை. கேள்வி வந்தவுடன் பதிலைத் தட்டிவிடக் கை பரபரக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'பவானிசாகர் அணை எப்ப கட்டுனாங்க' என்று வருகிறது. 1948இல் தொடங்கி 1955இல் முடித்தார்கள். பிள்ளைக்கு வேண்டியது தொடங்கிய ஆண்டா, முடிந்த ஆண்டா? இரண்டையும் அனுப்பிவிட்டால் போதும், இது எளிது. இன்னொன்று. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 'மஞ்சள் பத்தி புக் இருக்குங்களா' என்று கேட்டான். பீரோவில் ஒரு புத்தகம் இருந்தது. பெயரை அனுப்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும். 'எதுக்கு வேணும் சாமி' என்று கேட்டேன். 'எங்க காட்டுல மஞ்சள் அழுகுதுங்க, அப்பா எழுதக் கேட்டுப் பாக்கச் சொன்னாரு' என்று வந்தது. அது கிழங்கு அழுகல். பள்ளி நூலகத்தில் இருந்த புத்தகம் மஞ்சளின் மருத்துவக் குணங்களைப் பற்றியது; அதை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும்? அழைப்பு மையத்தின் எண்ணையும், வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகும் நாளில் அழுகிய கிழங்கு ஒன்றை மண்ணோடு எடுத்துப் போகவேண்டும் என்பதையும் அனுப்பினேன். சரியான வாசலைக் காட்டுவதும் குறிப்புதவிதான்.

சரி, இப்போது என் தப்புக்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் எழுத்துக் கணக்கு சொல்ல வேண்டும்.

ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆங்கிலத்துக்கு. தமிழில் தட்டியவுடன் அது 70 ஆகிவிடும். அந்த 70உம் நம் கணக்கில் 70 எழுத்து இல்லை. போன் எழுத்தை எண்ணுவதில்லை. மெய்யின் மேல் வைக்கும் புள்ளியையும், கால், கொக்கி, கொம்பு எல்லாவற்றையும் தனித்தனி இடமாக எண்ணும். 'கோயம்புத்தூர்' நமக்கு ஏழு எழுத்து. போனுக்கு 13 இடம். நன்னூல் படித்தவர்களுக்கு இது கோபம் தரும், ஆனால் போன் நன்னூல் படிக்கவில்லை. 70ஐத் தாண்டினால் இரண்டாவது செய்தியாகிவிடும். அப்போது இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தைப் போனே எடுத்துக்கொண்டு நமக்கு 67தான் விடும். நல்ல போன் இரண்டையும் ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டும். பழைய போன்களில் இரண்டாவது துண்டு தனியாக வரும், சில நேரம் முந்தி வரும், சில நேரம் வராமலே போகும்.

இதனால் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். 160 கிடைக்கிறதே. கேள்வி எப்படி வந்தாலும் வாங்கிக்கொள்கிறோம். பதில் மட்டும் தமிழ் எழுத்தில்தான் போகும், நூலகத்திலிருந்து போகிறது அல்லவா. ஒரு சில பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த வீடுகளுக்கு மறுநாள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள், தலைப்பு 'எங்கள் ஊர் வாய்க்கால்'. காலிங்கராயன் வாய்க்காலை யார் கட்டியது, எப்போது, எங்கிருந்து எங்கே வரை, எவ்வளவு நீளம் என்று ஒரே செய்தியில் நான்கு கேள்வி கேட்டிருந்தாள். அவள் கேள்வி அவ்வளவு ஒழுங்காக இருந்தது எனக்குச் சந்தோஷம். பதிலை இப்படி அடித்தேன்:

கட்டியவர் காலிங்கராயன். 13ஆம் நூற்றாண்டு. பவானி முதல் கொடுமுடி வரை. 56

எண்ணிப் பாருங்கள், இடைவெளியும் புள்ளியும் சேர்த்துச் சரியாக 70 இடம். '56 மைல்' என்றுதான் எழுத நினைத்தேன். 'மைல்' என்று சேர்த்தவுடன் மூலையில் இரண்டாவது செய்தி என்று காட்டியது. அவர்கள் வீட்டில் இருப்பது அவள் அம்மாயியின் பழைய போன். இரண்டாவது துண்டு போய்ச் சேருமோ சேராதோ என்று நினைத்து அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டேன். நம் ஊர் வாய்க்கால்தானே, மைல் என்று அவளுக்குத் தெரியாதா என்றும் நினைத்தேன். இன்றைய பிள்ளை எதை மைலில் அளக்கிறாள்? 56 மைல் என்பது ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அவள் மேடையில் ஐம்பத்தாறு கிலோமீட்டர் என்றாள்.

வேறு ஊரில் அவள் சொல்லியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். நடுவர்களில் ஒருவர் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசி முடித்ததும் அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார், 'பாப்பா, தொண்ணூறு கிலோமீட்டர்ம்மா' என்று. பின்னால் யாரோ சிரித்தார்கள். மறுநாள் அவள் என்னிடம் வந்து போனைக் காட்டினாள். 'நீங்க அனுப்புனதுதானுங்க டீச்சர்' என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவளும் 'பரவாயில்லீங்க டீச்சர்' என்றாள். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவளிடமிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் அனுப்பிய எண் தப்பில்லை. அளவு இல்லாத எண், எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லாத எண். புத்தகப் பெயரும் பக்கமும் அதோடு போயிருந்தால் அவளே எடுத்துப் பார்த்திருப்பாள், பக்கத்தில் மைல் என்று இருந்திருக்கும். அன்றிலிருந்து மூன்று பழக்கம் வைத்திருக்கிறோம். எண் போனால் அளவு போக வேண்டும். பதிலுக்கு முன் ஒரு திருப்பிக் கேள்வி. கடைசியில் நூல், பக்கம். இதற்கு இரண்டு செய்தி ஆனால் ஆகட்டும். துண்டாகிப் போகும் போன் என்று தெரிந்தால் நாமே இரண்டு தனிச் செய்தியாக, '1/2', '2/2' என்று எண் போட்டு அனுப்பலாம். இரண்டாவது வராவிட்டால் வரவில்லை என்றாவது பிள்ளைக்குத் தெரியும். பெரும்பாலான ரீசார்ஜ் திட்டங்களில் நாளுக்கு 100 செய்தி கொடுக்கிறார்கள். எங்களுக்குப் பத்துக்கூட ஆவதில்லை. நான் எதை மிச்சம் பிடித்தேன் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அந்த நூல், பக்கம் என்பதை எங்கிருந்து கொடுப்பது என்று கேட்பீர்கள். நம் பள்ளி பீரோவில் என்ன இருக்கிறது என்பது நமக்கே தெரியாது என்பதுதான் பல இடங்களில் நிலைமை. சேவை தொடங்குவதற்கு முன் நான் இரண்டு சனிக்கிழமை பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நூலாகப் பார்த்தேன். அடித்தட்டில் தினத்தாள் சுற்றி வைத்த ஒரு கட்டு இருந்தது. பிரித்தால் குழந்தைகள் கலைக்களஞ்சியம், சில தொகுதிகள். அட்டை பிய்ந்திருந்தாலும் உள்ளே ஒரு பக்கம் கெடவில்லை.

அந்தக் கலைக்களஞ்சியத்தைப் பற்றி நம் பகுதி ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தையும், பிறகு பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் வெளியிட்டது. இரண்டுக்கும் முதன்மை ஆசிரியர் பெ. தூரன். மொடக்குறிச்சிப் பக்கத்துக்காரர், கோபியிலும், கோவை பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்திலும் ஆசிரியராக இருந்தவர். அந்த வித்யாலயத்தையும் தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் தோற்றுவித்தவர் தி.சு. அவினாசிலிங்கம். அவர் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்காக வாதாடியவர் ரங்கநாதன். இன்று நாம் வீட்டு வரியோடு கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்திலிருந்து வருவதுதான். இந்த மூன்று பேரில் இரண்டு பேர் நம் மண்ணில் பிறந்தவர்கள், ஒருவர் நம் ஊரில் கணக்கு நடத்தியவர். மூன்று பேருமே வகுப்பறையை அறிந்தவர்கள். ஆகவே கிளை நூலகத்துக்குப் போய் ஒரு சந்தேகம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை, அதற்கான வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கலைக்களஞ்சியங்கள் இரண்டும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியும் இணையத்தில் கிடைக்கிறது. பிள்ளை பட்டன் போனில் கேட்டால் என்ன, நாம் பள்ளியின் கணினியில் பார்த்துச் சொல்லலாமே. வட்டாரச் சொல்லுக்குப் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி. அந்த ஒரு புத்தகத்தால் எங்கள் பள்ளியில் பல சண்டை தீர்ந்திருக்கிறது. வீட்டில் பேசும் சொல்லைத் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, அது அகராதியில் அச்சாகியிருப்பதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ரங்கநாதன் சொன்ன இரண்டாவது வகை. 'எங்க ஊருக்கு ஏன் இந்தப் பேரு வந்துச்சு' என்று பிள்ளைகள் கேட்பார்கள். வலசு, பாளையம், புதூர் என்று முடியும் ஊர்கள் நம் பகுதியில் எத்தனை! இதற்கு 70 இடத்தில் பதில் கிடையாது. யூகத்தை அனுப்பினால் அது அந்த ஊரின் வரலாறாகிவிடும். திருவிழா நோட்டீஸில்கூட அச்சாகிவிடும். இங்கே குறுஞ்செய்தியின் வேலை ஒரு நூல்முனையைக் கையில் கொடுப்பது மட்டும்தான். 'ஊரில் மூத்தவர் மூவரிடம் கேட்டு எழுதி வா' என்று முதல் செய்தி. எழுதி வந்தால், கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியாரின் கொங்கு நாட்டு வரலாறு, கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம், நிக்கல்சன் 1887இல் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு என்று ஒவ்வொன்றாகக் கூட உட்கார்ந்து பார்ப்போம். கோவைக்கு வருகிறவர்கள் ஆர்.எஸ். புரம் மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒரு நடை போய் வரலாம். சில கேள்விகள் எங்கள் நோட்டில் இரண்டு ஆண்டாகத் திறந்தே கிடக்கின்றன. 'இன்னும் கிடைக்கவில்லை, தேடுகிறோம்' என்பதும் அனுப்பக்கூடிய பதில்தான். பிள்ளைகள் அதை மதிக்கிறார்கள்.

நோட்டைப் பற்றி ஒரு சொல். நாள், வகுப்பு, கேள்வி வந்தபடியே, நாம் திருப்பிக் கேட்டது, பதில், நூல், பக்கம், பதில் அனுப்பியவர் கையெழுத்து. பிள்ளையின் பெயரும் போன் எண்ணும் இந்த நோட்டில் கிடையாது. அவை தலைமையாசிரியரிடம் தனியே இருக்கும். இந்த நோட்டைப் பிள்ளைகள் படிக்கலாம். உண்மையில் எங்கள் நூலகத்தில் அதிகம் கைபட்டு அழுக்கான புத்தகம் இதுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் சொந்த எண்ணில் இதைச் செய்யவே கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பள்ளிக்கென்று ஒரு எண் வாங்குங்கள். பதிவு செய்வது பெற்றோரின் எண், பெற்றோரின் கையெழுத்தோடு. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. பதில் நேரம் மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை. அதற்குப் பிறகு வரும் செய்திக்கு மறுநாள்தான். படம் அனுப்புவதில்லை, வாங்குவதில்லை. பொறுப்பு இரண்டு ஆசிரியர்களுக்கு, முறை வைத்து. ஒருவர் அனுப்பியதை மற்றவர் மறுநாள் படிப்பார். பாடத்தைத் தாண்டிய வேதனை ஏதாவது செய்தியில் தெரிந்தால் நூலகராகப் பதில் சொல்ல முயல வேண்டாம். தலைமையாசிரியரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி வழிகாட்டி எண் 14417, இந்த இரண்டையும் பதிவு செய்யும் நாளிலேயே எல்லா வீட்டுக்கும் அனுப்பிவிடுகிறோம். பதில் நேரம் முடிந்த பிறகும் அவை இருக்கும்.

இப்போது போனிலேயே செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று காலையில் தேநீர் இடைவேளையில் ஒரு சார் கேட்டார். நானும் அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். அழகாகப் பதில் சொல்கிறது, என் 56 போல. எந்தப் பக்கம் என்று கேட்டால் சில நேரம் இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண் சொல்கிறது. ஸ்மார்ட்போன் இருக்கும் வீட்டுப் பிள்ளை அதைக் கேட்கட்டும். கேட்டதை எடுத்துவந்து பீரோவில் சரிபார்க்கட்டும். எங்கள் நோட்டில் இப்போது அதற்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்: 'மெஷின் சொன்னது'. பக்கத்தில் 'புத்தகம் சொன்னது'. இரண்டும் ஒத்துப்போகாத நாளில் நூலகப் பாடவேளை கொஞ்சம் சத்தமாக இருக்கும்.

மலைப்பகுதிப் பள்ளிகளிலிருந்து வந்திருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள், வால்பாறை, தாளவாடி, பர்கூர்ப் பக்கம். உங்கள் ஊரில் இணையம் இழுக்காத இடத்திலும் ஏதோ ஒரு மேட்டில் ஏறி நின்றால் குறுஞ்செய்தி போய்விடும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களைவிட உங்களுக்குத்தான் இது அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். செய்து பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரியாத சிக்கல் நிறைய அங்கே இருக்கும்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் விட மாட்டீர்கள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். காலையில் பிரார்த்தனைக்கு முன் பீரோவைத் திறந்து, முந்தின மாலை நோட்டில் எழுதிய புத்தகங்களை எடுத்து மேசையில் அடுக்கி வைப்பது அவள் பொறுப்பு. அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டது. போன வாரம் நான் உள்ளே நுழையும்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அவளிடம் 'நொய்யல் எவ்வளவு நீளங்க்கா' என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. 'எதுக்கு வேணும் தம்பி? மைல்ல வேணுமா, கிலோமீட்டர்ல வேணுமா?' என்றாள். அவன் 'ரெண்டுலயும்' என்றான். அதற்குப் பிறகுதான் இருவரும் பீரோவுக்குள் தலையை விட்டார்கள்.